சுவரில் செங்கல் மாவாக உதிருதா? சிமெண்ட் பூசி மறைக்கும் முன் இதைப் படிங்க

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கிழக்கே பெரிய கோயிலில் நடக்கத் தொடங்கி, மலையின் பின்பக்கமாக மேற்கே வந்தால் அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலை என்றும் சொல்வாங்க. அடி அண்ணாமலையார் கோயில், மாணிக்கவாசகர் கோயில் என்று பக்தர்கள் நின்று போகும் ஊர். பாதி வழி நடந்த களைப்பில் பலரும் இந்தப் பக்கத்தில்தான் உட்காருவார்கள். திண்ணை, கடை ஓரம், காம்பவுண்டு சுவர் என்று எது கிடைத்தாலும் முதுகைச் சாய்ப்பார்கள்.

அப்படிச் சாயும் சுவர் எந்த நிலைமையில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வீட்டுக்காரரே பார்ப்பதில்லை என்பதுதான் பிரச்னை.

கீழே இரண்டு மூன்று அடி உயரத்துக்கு பெயிண்ட் உரிந்திருக்கும். பூச்சு கொப்பளித்து விழுந்திருக்கும். உள்ளே தெரியும் செங்கலைத் தொட்டால் சிவப்பு மாவு கையில் ஒட்டும். இது அடி அண்ணாமலையில் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் 30, 40 வருஷத்துக்கு மேல் நிற்கும் செங்கல் சுவர்களில் பலவற்றின் கதை இதுதான். உடனே நாம் என்ன செய்கிறோம்? கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். அவரும் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார், மேல ஒரு கோட்டிங் போட்டுடலாம்" என்கிறார். நல்ல பணக்காரக் கலவையாக, சிமெண்ட் தூக்கலாகப் போட்டுப் பூசுகிறார். அடுத்த மழைக்காலம் வரை சுவர் பளபளவென்று இருக்கும்.

அதற்கு அடுத்த வருஷம் அந்தப் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். கூடவே செங்கலின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஏன் இப்படி ஆகிறது, கெட்டுப்போன செங்கலை மட்டும் சுவரிலிருந்து எடுத்துவிட்டு வேறு செங்கல் வைக்க முடியுமா, எந்தச் சுவரில் அதைச் செய்யக் கூடாது என்பதைப் பார்ப்போம்.

செங்கல் ஏன் உதிர்கிறது?

செங்கல்லை அழிப்பது தண்ணீர் மட்டும் இல்லை. தண்ணீர் தூக்கிக்கொண்டு வரும் உப்பு.

செங்கல் என்பது கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சுட்ட மண். காபியில் பிஸ்கட்டின் முனையை வைத்தால் எப்படி மேலே உறிஞ்சுமோ அப்படித்தான் மண்ணில் இருக்கும் ஈரத்தைச் சுவர் உறிஞ்சுகிறது. இதற்குப் பெயர்தான் ஓதம். சாதாரணமாக தரையிலிருந்து மூன்று அடி வரை ஏறும். ஏறிய தண்ணீர் சுவரின் வெளிமுகத்தில் ஆவியாகிப் போய்விடும். ஆனால் அதில் கரைந்திருந்த உப்பு ஆவியாகாது, அங்கேயே தங்கும்.

உப்பு வெளிமுகத்தில் தங்கினால் வெள்ளையாகப் பூக்கும். "உப்பு பூத்திருச்சு" என்று சொல்கிறோமே, அது. பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர பெரிய ஆபத்து இல்லை. காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டிவிடலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் திரும்ப உள்ளே போய்விடும், அது வேண்டாம்.

ஆபத்து எப்போது என்றால், உப்பு செங்கலின் தோலுக்கு உள்ளே படிகமாகும்போது. காயும்போது படிகம் வளர்கிறது, துளைகளை உள்ளிருந்து தள்ளுகிறது. மழை வந்தால் கரைகிறது. வெயில் வந்தால் மறுபடி வளர்கிறது. இப்படி வருஷக்கணக்கில் நடந்தால் எவ்வளவு கெட்டியான செங்கலும் அடுக்கடுக்காக உரிந்து மாவாகும். சூளையில் சரியாக வேகாத செங்கல் என்றால் சீக்கிரமே.

உப்பு எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்து வரலாம், செங்கல் அறுத்த களிமண்ணிலிருந்தே வரலாம். கட்டும்போது கலவைக்கும் நனைப்பதற்கும் ஊற்றிய உப்புத் தண்ணீர் போர்வெல் இன்னொரு காரணம். மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய சுவர், கழிவறைச் சுவர், பாத்திரம் கழுவும் தண்ணீர் தேங்கும் கொல்லைப்புறச் சுவர் இதெல்லாம் மற்ற சுவர்களுக்கு முன்னால் கெட்டுப்போவது தற்செயல் இல்லை.

சிமெண்ட் பூச்சு ஏன் காப்பாற்றுவதில்லை?

கெட்டியான சிமெண்ட் பூச்சு சுவருக்கு பிளாஸ்டிக் கவர் போட்ட மாதிரி. கீழேயிருந்து தண்ணீர் வருவது நிற்கவில்லை. வெளியே ஆவியாகும் வழி மட்டும் அடைபட்டுவிட்டது. அப்போது இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, ஓதம் பூச்சு முடியும் உயரத்தைத் தாண்டி இன்னும் மேலே ஏறும். முன்பு இரண்டு அடியில் இருந்த ஈரம் நான்கு அடிக்குப் போனது இப்படித்தான். இரண்டாவது, உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல் முகத்திலேயே படிகமாகத் தொடங்கும். வெளியே சுவர் புதுசு மாதிரி தெரியும். உள்ளே செங்கல் கரைந்துகொண்டிருக்கும்.

இது கண்ணுக்கு மறைவாக நடப்பதுதான் மோசம். உதிரும் செங்கல் வெளியே தெரிந்தால் அந்தச் சுவர் மேல் ஒரு பயம் இருக்கும். பூசி மறைத்த சுவர் மேல் பயம் இருக்காது. பக்கத்தில் கட்டில் போட்டுப் படுப்போம், குழந்தைகளை விளையாட விடுவோம்.

ஈரச் சுவர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள் மேல் விழுந்ததில் 17 பேர் இறந்தார்கள். அது கருங்கல் சுவர். அதைக் கட்டியதன் பின்னணி பற்றிய கேள்விகள் தனி. 2021 டிசம்பர் 17-ல் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் பலியானார்கள். இரண்டுமே டிசம்பர் என்பதைக் கவனியுங்க. வடகிழக்குப் பருவமழையில் சுவர் முழுக்க ஊறியிருக்கும் மாதம்.

திருவண்ணாமலைக்கு இதில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. கார்த்திகை தீபமும் இதே மழைக்காலத்தில்தான் வருகிறது. ஊரில் சுவர்கள் அதிகபட்சம் ஊறியிருக்கும் நாட்களும், வருஷத்திலேயே அதிகக் கூட்டம் கிரிவலம் வரும் நாட்களும் ஒன்று. 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1-ம் தேதி மலையில் மண்சரிவு ஏற்பட்டு வ.உ.சி. நகரில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அதே மாதம் 13-ம் தேதி மகா தீபம். மலைச்சரிவுக்கும் உங்கள் வீட்டுச் சுவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் மலையடிவாரத்தில் வீடு என்றால் சரிவில் இறங்கும் தண்ணீர் எங்கேயாவது ஒரு சுவரில் முட்டித்தான் நிற்கும். அது உங்கள் சுவராகவும் இருக்கலாம்.

முதலில் செய்ய வேண்டியது செங்கல் வேலை இல்லை

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் செங்கல் மாற்றினால் புதுச் செங்கலும் ஐந்தாறு வருஷத்தில் அதே கதிக்குப் போகும். இது நூற்றுக்கு நூறு.

சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்க. வெளியே மண் மட்டம் வீட்டின் தரை மட்டத்தைவிட உயர்ந்திருக்கிறதா? தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் சாலை உயர்கிறது, வீடு தாழ்கிறது. பழைய வீடுகளில் ஓதம் புதிதாகத் தொடங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். சுவரை ஒட்டி மண்ணையும் ஜல்லியையும் குவித்து வைத்திருந்தால் அகற்றுங்க. கூரைத் தண்ணீர் விழும் குழாய் சுவர் அடியிலேயே கொட்டுகிறதா? குழாயை நீட்டி வெளியே தள்ளுங்க. சுவரோரம் செடி வைத்து தினமும் தண்ணீர் ஊற்றுபவர்கள் அதையும் யோசிக்கணும். செம்பருத்திக்கு நல்லது, செங்கல்லுக்கு நல்லதில்லை.

குழாய் கசிவு உள்ளேயும் இருக்கலாம். ஈரம் தரையிலிருந்து தொடங்காமல் நடுச்சுவரில் திட்டாக இருந்தால், அது ஓதம் இல்லை. அந்தப் பக்கம் பாத்ரூமோ, புதைத்த பைப்போ இருக்கும்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றின் ஈரம் சுவரில் படிகிறதா என்று சந்தேகமா? சமையலறையில் இருக்கும் அலுமினியம் ஃபாயிலை ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு காற்றுப் புகாமல் ஒட்டுங்க. இரண்டு நாள் கழித்துப் பிரியுங்க. சுவர்ப் பக்கம் ஈரம் என்றால் உள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் முத்து முத்தாக இருந்தால் காற்றில் இருந்து வந்தது, ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

தண்ணீர் வரும் வழியை அடைத்த பிறகு சுவரைக் காயவிடணும். கெட்டுப்போன பூச்சை ஈரம் தெரியும் உயரத்துக்கு மேலும் ஒரு அடி வரை உரித்துப் போட்டு, செங்கல் தெரியும்படி ஒரு கோடைகாலம் விட்டாலே நல்லது. பொறுமை வேண்டும். வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்களுக்கு இந்த யோசனை பிடிக்காது என்று தெரியும்.

எந்தச் சுவரில் கை வைக்கக் கூடாது?

செங்கல் மாற்றுவது சுவர் உறுதியாக நிற்கும்போது செய்யும் வேலை. நிற்கவே தள்ளாடும் சுவரில் செங்கலைப் பெயர்ப்பது சுவரைத் தலையில் போட்டுக்கொள்வதற்குச் சமம்.

தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க. ஒன்பது அங்குல காம்பவுண்டு சுவர் மேலே ஒரு அங்குலத்துக்கு மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலே கொத்தனார் வேண்டாம், கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்க. சுவர் நடுவில் வயிறு மாதிரி பிதுங்கி இருந்தாலும் அப்படித்தான். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஓடும் விரிசல் என்றால் அடித்தளம் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அதற்குச் செங்கல் மாற்றுவது மருந்தே இல்லை. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வைங்க. இரண்டு மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டினாலோ, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானாலோ தாமதிக்கக் கூடாது.

விரிசலைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது என்பதற்கு நம் பக்கத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. காளஹஸ்தி ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1516-ல் கட்டியது. அடிப்பகுதி கருங்கல், மேல் நிலைகள் செங்கல். திருவண்ணாமலையின் 217 அடி கிழக்கு ராஜகோபுரத்தைத் தொடங்கியவரும் அதே கிருஷ்ணதேவராயர்தான். காளஹஸ்தி கோபுரத்தில் இருந்த விரிசல் பெரிதாகி, 2010 மே 26-ம் தேதி கோபுரம் முழுசாக இடிந்து விழுந்தது. அதே இடத்தில் புதிய கோபுரம் எழும்பி 2017-ல் குடமுழுக்கு நடந்தது. ஐந்நூறு வருஷம் நின்றதாயிற்றே, இனி என்ன ஆகப்போகிறது என்ற நம்பிக்கை செங்கல் கட்டடத்தில் செல்லாது. நம் கோபுரங்களுக்குக் குடமுழுக்குக்கு முன் திருப்பணி என்று ஒன்று வைத்திருப்பதன் அர்த்தமும் பெயிண்ட் அடிப்பது மட்டும் அல்ல. சந்துகளில் முளைத்த அரச மர, ஆல மரக் கன்றுகளை அகற்றுவது, பெயர்ந்த செங்கல்லையும் சுதையையும் சரிசெய்வது எல்லாம் அதில் அடக்கம்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடித்து இழுக்காதீங்க. வேர் சந்துக்குள் ஓடியிருக்கும், இழுத்தால் செங்கலையும் சேர்த்து நகர்த்தும். தண்டை வெட்டி, வேரைச் சாகவிட்டு, அப்புறம் சந்தைத் திறந்து எடுக்கணும்.

வீடு பில்லர் வைத்துக் கட்டியதா, சுவரே கூரையைத் தாங்குகிறதா என்பதும் முக்கியம். பழைய வீடுகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. அங்கே ஜன்னல், வாசல் லிண்டல் உட்காரும் இடத்துக்குக் கீழே இருக்கும் செங்கல், உத்தரம் உட்காரும் இடத்துச் செங்கல் இரண்டையும் முட்டு கொடுக்காமல் தொடவே கூடாது.

எந்தச் செங்கலை மாற்றணும்?

எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஸ்க்ரூடிரைவரால் செங்கலைச் சுரண்டிப் பாருங்க. அரை அங்குலம் உதிர்ந்து, அதற்குப் பிறகு கெட்டியாக நின்றால் அந்தச் செங்கல் பிழைத்துக்கொள்ளும். உதிர்வதைத் தட்டி எடுத்துவிட்டு, பின்னால் பூசும்போது குழியை நிரவிக்கொள்ளலாம். செங்கலின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, அல்லது தட்டினால் சந்துக்குள் ஆடுகிறது என்றால் எடுத்தாக வேண்டும்.

பூசாத சுவராக இருந்தால் ஒரு பழைய தந்திரம் உண்டு. செங்கலை முழுசாக எடுக்க முடிந்தால், உதிர்ந்த முகத்தை உள்ளே திருப்பி, நல்ல முகத்தை வெளியே வைத்து அதே செங்கலையே உட்கார வைக்கலாம். நிறமும் அளவும் மாறாது.

புதுச் செங்கல் வாங்கும்போது இருக்கும் சுவருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்க. இப்போது கிடைக்கும் நாட்டுச் செங்கல் ஏறக்குறைய 9 அங்குல நீளம், நாலரை அகலம், 3 கனம். பழைய வீட்டுச் செங்கல் இதைவிட மெலிதாக இருக்கும். அப்படியென்றால் இடித்த வீடுகளின் பழைய செங்கல் தேடுவது நல்லது. ஃப்ளை ஆஷ் கல், ஹாலோ பிளாக், கான்கிரீட் துண்டு இதையெல்லாம் செங்கல் சுவர் ஓட்டைக்குள் திணிக்கிறார்கள். அவை தண்ணீர் உறிஞ்சும் அளவும் வெயிலில் விரியும் அளவும் வேறு. சுற்றி உள்ள செங்கல்தான் அதன் விலையைக் கொடுக்கும்.

தரம் பார்க்க லேப் வேண்டாம். இரண்டு செங்கலை ஒன்றோடொன்று தட்டினால் 'டிங்' என்று மணி மாதிரி கேட்கணும். 'டொக்' என்றால் வேகவில்லை. வீட்டில் தராசு இருந்தால் இன்னொரு சோதனை. நன்றாகக் காய்ந்த செங்கலை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு மறுபடி எடை போடுங்க. சாதாரண வீட்டுச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது இந்திய தர நிர்ணயத்தின் கணக்கு. அதாவது 3 கிலோ செங்கல் என்றால் 3 கிலோ 600 கிராமைத் தாண்டக் கூடாது.

கலவை: இங்கேதான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது

நம் ஊரில் "சிமெண்ட் கூட இருந்தா ஸ்ட்ராங்" என்று ஒரு எண்ணம். செங்கல் சுவரில் இது தலைகீழ். சந்தில் இருக்கும் கலவை செங்கல்லைவிட மெதுவாக இருக்கணும், கெட்டியாக இருக்கக் கூடாது. சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கலவைதான் விட்டுக்கொடுக்கணும். ஈரமும் உப்பும் கலவைச் சந்து வழியாகத்தான் வெளியே போகணும். சந்து கெட்டுப்போனால் சுரண்டிவிட்டுப் புதுசாக நிரப்பலாம். செங்கல் போனால் செங்கலே போச்சு.

அதனால் முதலில் உங்கள் சுவர் எதில் கட்டியது என்று பாருங்க. சந்தை சாவியால் சுரண்டினால் சாம்பல் நிறமாக, கெட்டியாக இருந்தால் சிமெண்ட். வெள்ளையாக, சின்னச் சின்ன சுண்ணாம்புக் கட்டியோடு உதிர்ந்தால் சுண்ணாம்பு. பழுப்பாக இருந்து, ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டதும் கரைந்தால் மண் சாந்து.

சிமெண்ட் சுவர் என்றால் ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல் போதும். ஒரே கல் கனமுள்ள நாலரை அங்குலச் சுவருக்கு மட்டும் ஒன்றுக்கு நாலு. எம்-சாண்ட் என்றால் சலித்துப் போடுங்க. குடிக்க முடியாத தண்ணீரைக் கலவையில் ஊற்றாதீங்க. தண்ணீர் ஊற்றிய கலவையை அரை மணி நேரத்துக்குள் தீர்க்கணும். டீ குடித்துவிட்டு வந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளறுவது வேலைக்கு ஆகாது.

சுண்ணாம்புச் சுவர் என்றால் சுண்ணாம்புதான். ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். ஈரமான இடமாக இருந்தால் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் செங்கல் பொடி, அதாவது சுர்க்கி சேர்ப்பார்கள். அது ஈரத்திலும் இறுகும். கடுக்காய், வெல்லம் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பதும் நம் பழைய முறை. சென்னை சேப்பாக்கத்தில் ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறை புதுப்பித்தபோது இந்தச் சுண்ணாம்பு வேலைக்குத்தான் திரும்பியது. உங்கள் ஊரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கவில்லையா? ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல் என்ற கலப்பு ஓரளவுக்கு ஈடுகொடுக்கும். முதல் தேர்வு இல்லை, ஆனால் வெறும் சிமெண்டுக்கு இது மேல்.

சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீங்க. வேலை செய்பவருக்குக் கையுறை, கண்ணாடி வாங்கிக் கொடுங்க.

செங்கலை எப்படி மாற்றுவது?

தொடங்கும் முன் மெயின் ஸ்விட்சை அணைங்க. பழைய சுவரில் வயர் எந்த வழியில் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. ஈரச் சுவரில் உளி வயரில் பட்டால் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய பிரேக்கர் மெஷின் வேண்டாம். அதன் அதிர்வில் பக்கத்துச் சந்துகளும் விட்டுவிடும். சுத்தியலும் மெல்லிய உளியும் போதும். முதலில் கெட்டுப்போன செங்கலைச் சுற்றியுள்ள நாலு பக்கச் சந்தையும் உளியால் எடுக்கணும். சிமெண்ட் சந்து ரொம்பக் கெட்டியாக இருந்தால் ட்ரில்லால் வரிசையாகத் துளை போட்டுக்கொண்டு பிறகு உளி வைக்கலாம். சந்து விட்டதும், செங்கலின் நடுவில் உளி வைத்து அதை உடைத்துத் துண்டு துண்டாக எடுங்க. ஓரத்தில் நெம்பினால் பக்கத்துக் கல் முனை போகும். நாம் தியாகம் செய்வது கெட்ட செங்கலை, பக்கத்து நல்ல செங்கலை இல்லை.

ஒன்பது அங்குலச் சுவரில் இரண்டு விதமாகக் கல் வைத்திருப்பார்கள். நீளவாக்கில் படுத்த கல் நாலரை அங்குலம்தான் உள்ளே போகும். குறுக்காக வைத்த கல் சுவரின் முழுக் கனத்துக்கும் ஓடி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும். குறுக்குக் கல் கெட்டிருந்தால் முழுக் கல்லையும் மாற்றணும். வெளியே தெரியும் பாதியை மட்டும் வெட்டி ஒட்டுவது சீக்கிரம் முடியும் வேலை. ஆனால் சுவர் இரண்டு தோலாகப் பிரிய அதுதான் முதல் படி. கொத்தனாரிடம் இதை மட்டுமாவது கேட்டு வாங்குங்க.

ஓட்டையில் இருக்கும் தூசியைப் பிரஷ்ஷால் துடைத்து, தண்ணீர் தெளித்து நனைங்க. புதுச் செங்கல்லைத் தண்ணீரில் போட்டு, குமிழி வருவது நிற்கும் வரை ஊறவிடணும். காய்ந்த செங்கல் வைத்தால் கலவையில் இருக்கும் தண்ணீரைக் குடித்துவிடும், கலவை இறுகாமல் மணலாக நிற்கும். ஓட்டையின் அடியில் கலவை போட்டு, செங்கலின் இரண்டு பக்கமும் தலையிலும் கலவை அப்பி, நேராக உள்ளே தள்ளுங்க.

இனி வருவதுதான் முழு வேலையின் உயிர். மேல் சந்து. மேலே உள்ள சுவரின் பாரம் புதுச் செங்கல் மேல் இறங்கணும் என்றால் அந்தச் சந்தில் இடைவெளியே இருக்கக் கூடாது. கொஞ்சம் உலர்ந்த பதத்தில் கலவை எடுத்து, சந்து அகலத்துக்கு இருக்கும் மெல்லிய கட்டையால் உள்ளிருந்து வெளியே வரை குத்திக் குத்தி இறுக்கணும். வெளியில் மட்டும் கரண்டியால் இழுத்து மூடினால் பார்ப்பதற்கு முழுசாகத் தெரியும். உள்ளே செங்கல் எதையும் தாங்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஒரே நாளில் எத்தனை செங்கல் எடுக்கலாம்? ஒன்று எடுத்தால் பக்கத்தில் உள்ளதை விட்டுவிட்டு, தள்ளி இன்னொன்று. கீழ் வரிசை முழுக்கப் போயிருந்தால் இரண்டு மூன்று அடி நீளத்துக்கு மேல் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. அதைக் கட்டி, ஒரு வாரமாவது இறுகவிட்டு, பிறகு அடுத்த துண்டு. "ஒரே நாள்ல முடிச்சுத் தர்றேன்" என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீங்க. ஒரு வாரத்தில் மூன்று தடவை வந்து போக வேண்டியிருப்பதால் கூலி கூடத்தான் செய்யும். அதை முன்னாடியே பேசி வைத்துக்கொள்வது அவருக்கும் நல்லது.

அடிச்சுவரைத் திறக்கும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். தரை மட்டத்துக்குச் சற்று மேலே ஓதத் தடுப்பு அடுக்கு உங்கள் சுவரில் இருக்கிறதா என்று பாருங்க. பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. துண்டு துண்டாக மாற்றிக்கொண்டு வரும்போதே அந்த வரிசையில் தார் ஷீட்டோ கனமான பாலித்தீன் ஷீட்டோ வைத்து, ஒவ்வொரு துண்டிலும் முந்தியதன் மேல் ஆறு அங்குலம் ஏறும்படி விட்டுக் கட்டலாம். இதைப் பொறியாளர் மேற்பார்வையில் செய்வது நல்லது.

வேலை முடிந்த பிறகு

சிமெண்ட் கலவை என்றால் ஏழு நாள் நனைக்கணும். காலையில் ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போவது நனைப்பது ஆகாது. ஈரச் சாக்கு தொங்கவிட்டு, அது காயாமல் பார்க்கணும். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். நேர் வெயில் படாமல் நிழல் கட்டி, இரண்டு மூன்று வாரம் லேசான ஈரத்தில் வைங்க. அக்னி நட்சத்திர வெயிலில் இந்த வேலையைத் தொடங்காமல், மழை விட்ட பிறகு தை, மாசியில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அதற்குள் சுவர் காயவில்லை என்றால் ஆடிக்குத் தள்ளுங்க, ஐப்பசிக்குத் தள்ளாதீங்க.

மேல் பூச்சு உடனே வேண்டாம். பூசும்போதும் சுண்ணாம்புப் பூச்சோ, மெலிந்த கலவையோ போதும். அதன் மேல் வெள்ளை அடிக்க சுண்ணாம்பு நல்லது. "வாட்டர் ப்ரூஃப்" என்று எழுதியிருக்கும் பெயிண்டை ஓதம் உள்ள சுவரில் அடித்தால் மேலே சொன்ன பிளாஸ்டிக் கவர் கதைதான் மறுபடியும்.

கிரிவலப் பாதை ஓரத்திலோ, பள்ளி, பேருந்து நிறுத்தம் மாதிரி கூட்டம் ஒதுங்கும் இடத்திலோ உங்கள் காம்பவுண்டு சுவர் இருக்கிறது, செங்கல் உதிர்கிறது, ஆனால் இந்த வருஷம் வேலை செய்ய முடியாது என்றால், குறைந்தபட்சம் சுவரை உயரம் குறைத்துவிடுங்க. ஆறடிச் சுவரை மூன்றடியாக இறக்க ஒரு நாள் வேலை. அதுவும் முடியாவிட்டால் சுவரின் உயரத்துக்கு இணையான தூரம் விட்டுக் கயிறு கட்டி, யாரும் பக்கத்தில் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்க. பக்கத்து வீட்டுச் சுவரோ, பொதுச் சுவரோ சாய்ந்திருப்பதைப் பார்த்தால் போட்டோ எடுத்து, தேதியோடு உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்க.